போன் சொன்ன விலையும் நூற்றெண்பத்தாறு படிகளும்

போன வாரம் என் மருமகன் தன் போனை நீட்டி, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் இன்றைய விலை இதுதான் என்று காட்டினார். நல்ல விலை. என் மனைவி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்திருந்தது. இது வாடகை வீடு என்பது போனுக்குத் தெரியாது. அந்த அரைமணி நேரம் எங்களுக்கும் அது மறந்துபோயிருந்தது.

முப்பத்தாறு வருடம் அட்டனில் ஒரு தனியார் மதிப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். வீடு விற்பவர், வாங்குபவர், வங்கியில் கடன் கேட்பவர் என்று யார் வந்தாலும் காணியையும் வீட்டையும் நேரில் போய்ப் பார்த்து, இது இவ்வளவு பெறும் என்று எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஊரார் வீட்டுக்கெல்லாம் விலை சொன்னவனுக்குச் சொந்த வீடு இல்லை என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பல் டாக்டருக்குப் பல் விழாதா?

ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகத்துப் பிள்ளைகள் அடிக்கடி கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் இப்போது ஒரே தலைவலி. "சேர், ஆளுங்க வெலயவும் அவங்களே கொண்டாந்துர்றாங்க. நாங்க சீல் மட்டும் குத்தணுமாம். போன்ல வர்ற வெலய நம்பலாமா, நம்பக் கூடாதா?" என்று போன மாதம் ஒரு பிள்ளை அழாக்குறையாகக் கேட்டாள். ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது, இதில் நான் அவ்வளவு கெட்டிக்காரனாகத் தெரியப்போவதில்லை என்று. பரவாயில்லை, ஒப்புக்கொண்டாயிற்று.

பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் இரண்டு வருடமும் அளவு நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் நின்றேன். அந்தப் பக்கத்து அட்டைகளுக்கெல்லாம் என் இரத்தத்தின் ருசி தெரியும். மூன்றாம் வருடம் நாடாவின் இந்த முனைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பரீட்சையில் முதல் தடவை விழுந்து, இரண்டாம் தடவை எழும்பினேன்.

எங்கள் அலுவலகத்தின் முதலாளி சலீம் சேர். குள்ளமான மனிதர். எந்த மலையில் ஏறினாலும் கழுத்தில் டை இருக்கும், கையில் கறுப்புக் குடை இருக்கும். வெயிலில் குடையை விரித்து அவரை நான் கண்டதில்லை. அது சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு. தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். வீட்டுக்காரர்கள் பயந்து போய், சுவர் என்ன சொல்கிறது என்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. முதலாவது, விற்பவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு இப்படி ஒரு சட்டம் போட்டால், போகிற வீடெல்லாம் பகைதான். ஆனால் அவர் அசையமாட்டார். "பால் தேத்தண்ணி உள்ள போயிட்டா, தம்பி, சுவர்ல உள்ள ஈரம் கண்ணுக்குத் தெரியாது" என்பார். றொசல்லயில் நான் முதன்முதலில் தனியாகப் பார்க்கப் போன வீட்டில் அந்தச் சட்டத்தை மீறினேன். வீட்டுக்கார அம்மா தேத்தண்ணியோடு சூடாக வடையும் வைத்தார். நான்கு வடை சாப்பிட்ட மனிதன், பின்சுவரோடு ஒட்டி நிற்கும் பெரிய அலுமாரியை நகர்த்தச் சொல்வது மரியாதையா? நல்ல விலை எழுதிக்கொண்டு வந்தேன். சலீம் சேர் அறிக்கையை வாசித்தார். என் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். "போ, போய் அந்த அலுமாரிய நகத்திப் பாத்துட்டு வா" என்றார். நகர்த்தினோம். சுவரின் பூச்சில் பாதி அலுமாரியோடு சேர்ந்து வந்தது. இரண்டாம் தடவை அந்த அம்மா எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை.

இரண்டாவது பிடிவாதம், துணி அலுமாரியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது. சுவருக்குப் பெயின்ட் அடித்து ஏமாற்றலாம், துணியின் புழுக்க வாடையை மறைக்க முடியாது என்பது அவர் கட்சி. நானுஓயாவில் ஒருவர் எங்கள் வழக்கத்தை யாரிடமோ கேள்விப்பட்டு, முதல் நாளே அலுமாரி நிறைய இரசகற்பூர உருண்டைகளைக் கொட்டி வைத்திருந்தார். சலீம் சேர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். விட்ட தலையை வெளியே எடுத்துப் பதினான்கு தும்மல் தும்மினார். நான் எண்ணினேன். கடைசித் தும்மல் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க தம்பி. ஈரம் மிக அதிகம்" என்றார்.

மூன்றாவது, ஒரு வீட்டைக் காலையிலும் பார்க்க வேண்டும், மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு பனி இறங்கியதும் பார்க்க வேண்டும். காலையில் ஏழு மலை தெரிகிற ஜன்னலில் மத்தியானம் ஜன்னல் மட்டும்தான் தெரியும்.

நான்காவதுதான் முக்கியம். மலைநாட்டில் பாதி வீடுகளுக்கு வாசல்வரை வண்டி போகாது. வீதியிலிருந்து படி ஏற வேண்டும். படியை எண்ணினால் மட்டும் போதாது, சுமையோடு எண்ண வேண்டும் என்பார் சலீம் சேர். அவருடைய இளவயதில் அரிசி மூட்டையை வைத்துக் கணக்குப் போட்டாராம். வீட்டுக்கு வீடு கேஸ் வந்த பிறகு சிலிண்டருக்கு மாறினார். வீட்டுக்குச் சிலிண்டர் சுமந்து போகிற ஆளைத் தேடிப் பிடித்து, வழியில் எத்தனை தடவை இறக்கி வைப்பாய் என்று கேட்பார். ஒரு தடவைக்கு நூற்றுக்கு நாலு விலையில் கழியும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர் போட்ட விலைக்கும் கடைசியில் வீடு கைமாறிய விலைக்கும் பெரிய வித்தியாசம் வந்து நான் கண்டதில்லை.

"வீட்டுக்காரன்ட்ட கேக்கக் கூடாதா சேர்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வீட்டுக்காரனுக்குத் தன் வீட்டுப் படி ஏத்தமாத் தெரியாது. விக்கப் போறவனுக்கு அது எறக்கமாத்தான் தெரியும். சொமக்கிறவனுக்கு என்ன ஆதாயம்? அவன் பொய் சொல்லமாட்டான்."

இந்த வாக்கியத்தை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். அவர் மௌத்தாகி, அலுவலகம் அவர் மகன் கைக்கு வந்த பிறகும் நான் சிலிண்டர் ஆளைத் தேடுவதை விடவில்லை.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போது ஜெசிந்தா டீச்சர் வந்தார். வட்டகொடையில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்து, அழுத்தி, என் மேசையில் வைத்தார். வீடு விற்கிற ஒரு இணையத்தளம். எட்டு பேர்ச் காணி, மூன்று அறை வீடு, பிரதான வீதிக்கு அறுபது மீட்டர். கீழே பெரிய எழுத்தில் விலை. ஒரு கோடியே இருபது இலட்சம்.

"புதுசா ஒண்ணும் பாக்க வேணாங்க சேர். வெல இதுலயே இருக்கு. இத அப்பிடியே ஒங்க கடதாசியில போட்டுத் தந்தீங்கன்னா போதும்."

"அதுக்கு நான் எதுக்குங்க டீச்சர்?"

"போன்ல சீல் இல்லயே."

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய கணவர் மரியதாஸ், வட்டகொடை ஸ்டேசனில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து படி இறங்கவில்லை. "கோயிலுக்குப் போக முடியலங்க. பங்குச் சாமியாருதான் மாசம் ஒருக்கா மூச்சு வாங்கிக்கிட்டு மேல வந்து நன்மை அப்பம் குடுத்துட்டுப் போறாரு" என்றார். ஸ்டேசனுக்குப் பின்னால் சமதரையில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. வாசலிலிருந்து பிளாட்பாரத்துக்குச் சக்கர நாற்காலியிலேயே போகலாம். அந்த வீட்டுக்காரச் சிங்கள அம்மா குருணாகலில் மகனோடு இருக்கப் போகிறார். ஐம்பத்தைந்து இலட்சம் கேட்கிறார். டீச்சருக்காக அடுத்த மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் முடியாது.

"இது வரைக்கும் யாரும் கேட்டு வரலயா?"

"வந்தாங்க. கொழும்புலேருந்து ஒரு புருசன் பொஞ்சாதி வந்தாங்க. பாதிப் படியில அந்த மனுசன் ஒக்காந்துட்டாரு. பொஞ்சாதி மட்டும் மேல வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பொறகு தலவாக்கலைல கடை வச்சிருக்க ஒருத்தர் வந்து அம்பத்தெட்டுக்குக் கேட்டாரு. எனக்கு வந்த கோவத்துல தேத்தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டேன். போன் ஒரு கோடி இருவதுங்குது, இவரு அம்பத்தெட்டுங்குறாரு."

ஐம்பத்தெட்டுக்கே ஆள் வந்து போயிருக்கிறது. மரியதாஸ் அன்றைக்கே கீழே இறங்கியிருக்கலாம். ஆனால் வீட்டைப் பார்க்காமல் வாயைத் திறப்பது எங்கள் தொழிலில் இல்லை. மறுநாள் பஸ் ஏறினேன்.

பிரதான வீதிக்கு அறுபது மீட்டர் என்பது உண்மைதான். வீதியில் நின்று அண்ணாந்தால் வீடு தலைக்கு மேலே தெரிகிறது. காகத்துக்கு விற்பதென்றால் அந்த விலைக்கே விற்கலாம். மனிதருக்கு நூற்றெண்பத்தாறு படி. எண்ணி ஏறினேன். சில படி சீமெந்து, சில படி கருங்கல், நடுவில் ஒரு முடக்கில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டிய ஒடுக்கம். நான் ஒன்பது இடத்தில் நின்றேன். என்னுடையதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மரியதாஸ் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கம்பளிச் சட்டை, காதுவரை இழுத்துவிட்ட தொப்பி. நேரே கீழே ஸ்டேசனும் தண்டவாளமும் தெரிந்தன. நான் வணக்கம் சொன்னேன். அவர் கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொன்னார். கீழே பதுளை வண்டி வந்து நின்றது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பதினஞ்சு நிமிசம் லேட்டு" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "வாங்க. வெல போட வந்தவரா? எவ்வளவு போட்டாலும் சரிங்க. யாராவது என்னைய ஒரு சாக்குல கட்டி உருட்டி விட்டாக்கூட நான் எறங்கிருவேன். அவதான் போனப் புடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குறா."

டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தார். வேலை முடிந்ததும் குடிக்கிறேன் என்றேன். "சீனி இல்லாமயும் இருக்கு" என்றார். இல்லை, வேலை முடியட்டும் என்றேன். கோப்பையை அவர் திருப்பிக் கொண்டுபோன வேகத்தில் பாதித் தேத்தண்ணி தட்டில் இருந்தது. நான் சுவரைத் தட்டினேன். அலுமாரியை முகர்ந்தேன். நல்ல வீடு. ஈரம் கொஞ்சம்தான். கூரைத் தகடுகள் புதிது. இரண்டரை மணிக்குப் பனி இறங்கி, ஸ்டேசனை முழுதாக விழுங்கியது. மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே அடுத்த வண்டிக்கு ஏழு நிமிடம் லேட்டு என்றார்.

கீழே இறங்கி வந்தபோது என் அதிர்ஷ்டம், சிலிண்டர்க்காரர் வீதியோரம் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, பக்கத்தில் நிறைந்த சிலிண்டர். ராமையா என்று பெயர். ஐம்பது வயது தாண்டியிருக்கும், கயிறுபோல் முறுக்கிய உடம்பு. தோட்டத்தில் பெயர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டு, கடைக்குச் சுமை தூக்குகிறவர். கொஞ்சத் தூரத்தில் இருந்த தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் எட்டுப் பேராக இருப்பதாகச் சொன்னார். டீச்சர் வீட்டுக்குப் பதினொரு வருடமாக அவர்தான் சிலிண்டர் கொண்டுபோகிறாராம்.

"இந்தப் படியில ஏறுறப்ப எத்தன தடவ எறக்கி வைப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் மேலே வீட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

"எதுக்குங்கய்யா கேக்குறீங்க?"

"வீட்டுக்கு வெல போடத்தான்."

மறுபடியும் வீட்டைப் பார்த்தார். "அஞ்சு தடவைங்கய்யா" என்றார். கொஞ்சம் யோசித்து, "மழைன்னா ஆறு" என்று சேர்த்துக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை. சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி ஏறத் தொடங்கினார். முப்பதாவது படி போல ஒன்றில் இறக்கி வைத்து, துண்டால் முகத்தைத் துடைத்து, கீழே நின்ற எனக்குக் கேட்கும்படி, "இது ஒண்ணுங்கய்யா" என்றார். எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பா என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன். ஐந்து இளைப்பாறல், நூற்றுக்கு இருபது கழிவு. படி மட்டும் இல்லையென்றால் எழுபத்தைந்து பெறக்கூடிய வீடு. அறிக்கையில் அறுபது இலட்சம் என்று எழுதினேன்.

அறிக்கையை வாங்க டீச்சர் வந்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். ஐந்து தடவை என்ற வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கடைசித் தொகைக்கு வந்தார்.

"போன் ஒரு கோடி இருவது. நீங்க அறுவது. ரெண்டுல ஒண்ணு பொய்தான சேர்?"

இந்த இடத்தில் சலீம் சேர் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். பேப்பர் விளம்பரத்தில் ஆட்கள் ஆசையைப் போடுவார்கள், உறுதிப் பத்திரம் எழுதும்போது வரிக்குப் பயந்து குறைத்துப் போடுவார்கள், உண்மை விலை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நடந்துகொண்டிருக்கும் என்று. டீச்சர் முகம் இறுகியது. "இது பேப்பர் இல்ல சேர். கம்ப்யூட்டர். அதுக்கு என்ன ஆச?" என்றார்.

நியாயமான கேள்வி. போனை வாங்கி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, விலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். விரலைத் தள்ளத் தள்ளப் பக்கம் நீண்டது. அடியில், உங்கள் வீட்டைப் போன்ற அருகிலுள்ள வீடுகள் என்று மூன்று வீட்டின் படங்களும் விலைகளும் இருந்தன. இவற்றைப் பார்த்துத்தான் உங்கள் விலையைக் கணித்தோம் என்று எழுதியிருந்தது. ஒரு கோடியே பத்து, ஒரு கோடியே இருபது, ஒரு கோடியே முப்பது.

முதல் படத்தில் ஒரு வீட்டின் முன்பக்கம், வராந்தாவில் யாரோ உட்கார்ந்திருந்தார். இரண்டாவதில் வீட்டுக்குள்ளே, ஜன்னல். மூன்றாவதில் ஒரு கூடம், சுவரில் திருஇருதயப் படம். நான் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தேன். கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்த மூணு வீட்டுலயும் ஒரே ஆளு ஒக்காந்திருக்காரு."

அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

மூன்று படத்திலும் சிவப்புக் கம்பளிச் சட்டை. காதுவரை இழுத்துவிட்ட தொப்பி. இரண்டு வருடமாக வீட்டை விட்டு இறங்காத மனிதர் வட்டகொடையில் மூன்று வீட்டில் குடியிருந்தார்.

"இது எங்க வீட்டுக்காரரு" என்றார் டீச்சர் மெல்ல.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் விளம்பரத்தை டீச்சரே போட்டிருக்கிறார், ஒரு கோடியே பத்துக்கு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "கேட்டு வைப்போம், கொறைக்க எடம் வேணுமேன்னு போட்டேன்" என்றார். அதைப் பார்த்துப் போன் ஒரு கோடியே பத்து என்றது. கத்தாரில் இருக்கும் மகன் போனில் விலை பார்த்து, அம்மாவுக்கு விவரம் போதாது என்று நினைத்து, பத்து இலட்சம் கூட்டித் தன் பங்குக்கு ஒரு விளம்பரம் போட்டிருக்கிறான். அட்டனில் இருக்கும் தரகர் அதைப் பார்த்து இன்னும் பத்து கூட்டி மூன்றாவதைப் போட்டிருக்கிறார். போன் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, டீச்சரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

டீச்சர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். நான் என் மேசையில் இருந்த பேனைகளை ஒழுங்குபடுத்தினேன். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"முப்பது வருசமா புள்ளைங்ககிட்ட, பக்கத்துல உள்ளவனப் பாத்து எழுதாத, பாத்து எழுதாதன்னு கத்தினேன் சேர். இது என்னையவே பாத்து எழுதிருக்கு."

அன்றைக்கே மூன்று விளம்பரத்தையும் எடுக்க வைத்தார். மறுநாள் ஆவல் தாங்காமல் மறுபடியும் விலை பார்த்தாராம். உங்கள் பகுதியில் விலை சொல்லப் போதிய விவரம் இல்லை, மன்னிக்கவும் என்று வந்ததாம். இத்தனை நாளில் அது சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

பத்து நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. அறுபதுக்கே வீடு போய்விட்டது. "யாருங்க எடுத்தது?" என்று கேட்டேன்.

"நம்ம ராமையாதான் சேர்."

அவருடைய மகள் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்து ஒன்பது வருடமாக அனுப்பியதும், தோட்டத்திலிருந்து விலகியபோது ராமையாவுக்கும் மனைவிக்கும் கிடைத்ததும் சேர்ந்து வங்கியில் இருந்ததாம். எட்டுப் பேர் இருந்த காம்பராவிலிருந்து மூன்று அறை வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அப்போதும் பொறி தட்டவில்லை. முப்பத்தாறு வருட அனுபவம் என்பது இதுதான்.

வீடு மாறுகிற சனிக்கிழமை டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும் குடிக்கிறேன் என்று சொன்ன தேத்தண்ணி பாக்கியிருந்தது. போனேன். சாமான்கள் எல்லாம் ஏற்கனவே கீழே போய்விட்டன. பாக்கி மரியதாஸ் மட்டும்தான். கோயில் இளைஞர் நான்கு பேர் ஒரு நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி அவரை உட்காரவைத்துத் தூக்கினார்கள். முதல் இருபது படி சாமி ஊர்வலம்போல் நன்றாகத்தான் போனது. நடு முடக்கில் மூங்கில் திரும்பவில்லை. முன்னே இழுத்தார்கள், பின்னே தள்ளினார்கள், நாற்காலி சாய்ந்தது. "ரிவேர்ஸ் எடுக்காதீங்கடா, நான் என்ன கூட்ஸ் வண்டியா?" என்று மரியதாஸ் சத்தம் போட்டார்.

ராமையா கீழேயிருந்து ஓடி வந்தார். பையன்களை விலக்கிவிட்டு, முதுகைக் காட்டிக் குந்தினார். "ஏறுங்கய்யா" என்றார். மரியதாஸைத் தோளோடு சேர்த்து முதுகில் வாங்கிக்கொண்டு எழுந்து, இறங்கத் தொடங்கினார்.

நான் பின்னால் போனேன். பழக்கதோஷம், மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனேன். மரியதாஸ் பெரிய உடம்பு, இரண்டு சிலிண்டரைவிடப் பாரம் இருப்பார். இந்த இடத்தில் இறக்கி வைப்பார் என்று பார்த்தேன், வைக்கவில்லை. சரி, அடுத்த திருப்பத்தில் என்று பார்த்தேன், அங்கேயும் இல்லை. தன் வீட்டில் பெயின்ட் என்ன நிறத்தில் அடிப்பது என்று முதுகில் இருந்தவரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டே போனார். கடைசிப் படி தாண்டி, வீதியைத் தாண்டி, ஸ்டேசன் பக்கம் நிறுத்தியிருந்த சக்கர நாற்காலியில்தான் அவரை இறக்கினார். மரியதாஸ் இரண்டு வருடத்துக்குப் பிறகு தரையில் கால் வைத்து, ஸ்டேசன் மணிக்கூட்டைப் பார்த்து, "ரைட் டைம்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இறங்குவது வேறு, ஏறுவது வேறு என்று என் மனம் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது. டீச்சர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார். கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினால், ராமையா வீதியோரம் இருந்த புதுச் சிலிண்டரைத் தூக்குகிறார். அவர் வீட்டுக்குப் போகிற அவருடைய முதல் சிலிண்டர். தோளில் போட்டுக்கொண்டு படியில் கால் வைத்தார். முப்பது படி. அறுபது படி. முடக்கு. நூறு. நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுப்பது போலத் தலை ஆடிக்கொண்டிருந்தது.

உச்சியில், வாசலுக்கு ஒரு படி இருக்கும்போது, என்னவோ தோன்றித் திரும்பிக் கீழே பார்த்தார். நான் அண்ணாந்து நிற்பதைக் கண்டார். பிறகு அவர் மெதுவாகக் குனிந்து, சிலிண்டரைக் கடைசிப் படியில் இறக்கி வைத்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மேல பாக்காதீங்க சேர், தேத்தண்ணி ஆறுது" என்றார் பக்கத்தில் நின்ற டீச்சர்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"பதினோரு வருசமாப் பாக்குறேனே. ஒரு தடவகூட எறக்கி வச்சதில்ல. ரிப்போர்ட்டுல அஞ்சுன்னு வாசிச்சப்பவே அவரு வீட்டக் கேக்கப் போறாருன்னு வெளங்கிருச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. வெல கூடியிருக்குங்களே டீச்சர்."

"கூடின வெல என்கிட்ட ஏற்கனவே இருந்துச்சு சேர். ரெண்டு மாசமா போன்ல வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அது அவரக் கீழ எறக்கல." அவர் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னார்: "போன் விக்கிறவ பேச்சக் கேட்டுச்சு. நீங்க வாங்குறவரு பேச்சக் கேட்டீங்க. குடிங்க."

குடித்தேன். பிளாட்பாரத்தில் பதுளை வண்டி வந்து நின்றது. மரியதாஸ் தன் சக்கர நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னலில் தலையை நீட்டிய கார்டிடம், பன்னிரண்டு நிமிடம் லேட்டு என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்த ஃபைலை எடுத்தேன். இளைப்பாறல் ஐந்து என்ற வரியை அடிக்கலாமா என்று பேனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அடிக்கவில்லை. பக்கத்தில், சொன்னவர்: வாங்கியவர், என்று மட்டும் எழுதி, ஃபைலைக் கட்டி வைத்தேன்.